ஃபில்டர் மாற்றியபின் டீசல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் வீட்டு வாசலிலேயே டீசல் ஃபில்டரை மாற்றினேன், வண்டி கொஞ்ச நேரம் ஓடி நின்றது, அப்புறம் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் டீசல் வரும் லைனில் காற்று புகுந்திருக்கும். செல்ஃபை விடாமல் அடிக்காதீர்கள். பேட்டரி இறங்கும், அதைவிட முக்கியம், ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் மசகு, அது இல்லாமல் சுற்றினால் பம்ப் தேயும்.

ஃபில்டர் பக்கத்தில் கையால் அமுக்கும் பம்ப் இருந்தால், கல்லாக இறுகும்வரை அமுக்குங்கள். அது இல்லாமல் டேங்கில் மின்பம்ப் உள்ள வண்டி என்றால், சாவியைச் சில நொடி ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள், நாலைந்து தடவை. பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

எவ்வளவு அமுக்கியும் இறுகவில்லையா? எங்கோ காற்று இழுக்கிறது. ஃபில்டரின் அடியில் இருக்கும் தண்ணீர் சென்சாரைக் கழற்றி மாட்டியிருப்பீர்களே, அதன் ஓ-ரிங்கைத்தான் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) நான் முதலில் சந்தேகப்படுவேன். புதியது போட்டு, மேலே டீசல் தடவி, கையால் இறுக்குங்கள்.

தயவுசெய்து இன்ஜெக்டர் பைப்பை மட்டும் தளர்த்த வேண்டாம். காமன் ரெயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டியில், அழுத்தம் 1000 பாரையும் (பார் என்பது அழுத்த அளவு) தாண்டும்; பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஓட ஆரம்பித்ததும் ஃபில்டரைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.