அரசே கடனில் தடுமாறினால் என் சேமிப்பு என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு 54 வயது. இன்னும் 6 வருடத்தில் ஓய்வு. சேமிப்பில் பாதியை நீண்டகால அரசு கடன் பத்திர ஃபண்டில் போட்டிருக்கிறேன். ‘அரசாங்கப் பத்திரம், ரிஸ்க்கே கிடையாது’ என்று சொல்லித்தான் வாங்க வைத்தார்கள். மீதியில் பெரும்பகுதி ஒரே வங்கியில் டெபாசிட், கொஞ்சம் கம்பெனி கடன் பத்திர ஃபண்டு. மகளின் மேற்படிப்புக்கு 2 வருடத்தில் பெரிய தொகை தேவை. அரசுகள் கடனில் தத்தளிப்பதாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அரசு திவாலானால்தான் எனக்குப் பாதிப்பா? எல்லாவற்றையும் விற்றுக் கையில் பணமாக வைத்துக்கொள்ளட்டுமா? நண்பர் ஒருவரோ, ‘வட்டி நன்றாக ஏறியிருக்கிறது, இன்னும் வாங்கு’ என்கிறார்.

பதில்: எல்லாவற்றையும் விற்க வேண்டாம். ஆனால் மகளின் படிப்புக்கான பணத்தை அந்த நீண்டகால ஃபண்டிலிருந்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். நண்பரின் யோசனையைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அரசாங்கப் பத்திரத்தில் ரிஸ்க்கே இல்லை என்று சொல்லி விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதில் இரண்டு ரிஸ்க் இருக்கின்றன. ஒன்று, அரசு பணத்தைத் திருப்பித் தராமல் போவது. அது அபூர்வம். இன்னொன்று, சந்தையில் வட்டி ஏறும்போது கையில் இருக்கும் பழைய பத்திரத்தின் விலை இறங்குவது. அது அடிக்கடி நடப்பது. ஒரு அரசின் கடன்மீது சந்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டால், திவால் என்ற பேச்சே எழாதபோதும் இந்த இரண்டாவது அடி முதலில் விழும்.

கணக்கைப் பாருங்கள். முகமதிப்பு (முதிர்வில் திரும்பக் கிடைக்கும் தொகை) 100, வருடத்துக்கு 4% வட்டி தரும் 10 வருடப் பத்திரம் உங்களிடம் இருக்கிறது. சந்தையில் அதே மாதிரிப் பத்திரத்துக்கு 6% கிடைக்க ஆரம்பித்தால், உங்களுடையதை 100 கொடுத்து யார் வாங்குவார்கள்? விலை சுமார் 85-க்கு வந்துவிடும். அதுவே 30 வருடப் பத்திரம் என்றால் சுமார் 72. 2 வருடப் பத்திரம் என்றால் 96-க்கு மேலேயே நிற்கும். மூன்றையும் வெளியிட்டது ஒரே அரசு, வாக்குறுதியும் ஒன்றுதான். காலம்தான் வேறு.

பத்திரத்தை நேரடியாக வாங்கி வைத்திருப்பவர் முதிர்வுவரை பொறுத்திருந்தால், அரசும் தவறாமல் பணம் தந்தால், அவருக்கு 100 திரும்பி வந்துவிடும். உங்களிடம் இருப்பது ஃபண்டு. அதற்கு முதிர்வுத் தேதி கிடையாது. பழைய பத்திரத்தை விற்று இன்னொரு நீண்டகாலப் பத்திரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். ஏறிய வட்டியால் அந்த நஷ்டம் நாளடைவில் ஈடாகும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பல வருடங்கள் ஆகலாம். கல்லூரிக் கட்டணத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் அரசு, எங்கிருந்து ஈடுகட்டப்போகிறோம் என்று சொல்லாமல் பெரிய வரிக்குறைப்புகளை அறிவித்தது. அந்த அரசு ஒரு தவணையைக்கூடத் தவறவிடவில்லை, தவறவிடும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் சில நாட்களில் 30 வருட அரசு பத்திரத்தின் வட்டி 5 சதவிகிதத்தைத் தாண்டியது. அங்கே ஓய்வூதிய நிதிகள் பலவும் அரசு பத்திரங்களை அடமானமாக வைத்துக் கடன்பட்டு முதலீடு செய்திருந்தன. பத்திரத்தின் விலை இறங்கியதும் ‘இன்னும் ஈடு கொண்டு வா’ என்று கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள். அதற்குப் பணம் புரட்ட அவை விற்றதும் பெரும்பாலும் அதே அரசு பத்திரங்களைத்தான். விற்க விற்க விலை இறங்கியது. இறங்க இறங்க ஈடு கேட்டார்கள். 28-ம் தேதி பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து உள்ளே வந்து, தேவையானால் 6,500 கோடி பவுண்டு வரை அரசு பத்திரங்களை வாங்குவோம் என்றது. அதே நாளில் 30 வருட வட்டி ஒரு சதவிகிதப் புள்ளிக்குமேல் குறைந்தது. கடைசியில் அந்த வங்கி வாங்கியது சுமார் 1,930 கோடி பவுண்டுக்குத்தான்.

அந்தச் சில நாட்களில் வீட்டுக்கடன் கொடுப்பவர்கள் நூற்றுக்கணக்கான கடன் திட்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். அரசு பத்திரத்துக்கும் வீடு வாங்குகிறவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு நாட்டில் எல்லாக் கடனுக்கும் விலை வைப்பது அரசு பத்திரத்தின் வட்டியிலிருந்துதான் தொடங்குகிறது. அரசுக்கே 5% என்றால், கம்பெனிக்கு அதற்குமேல் இத்தனை, வீட்டுக்கடனுக்கு இத்தனை என்று கூட்டிக்கொண்டே போவார்கள். நெருக்கடியில் அடித்தளமும் ஏறும், அதற்குமேல் கூட்டுவதும் ஏறும். நாளைக்கு என்ன வட்டி என்றே தெரியாதபோது கடன் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். நல்ல லாபம் பார்க்கும் கம்பெனிகூட பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்க முடியாமல் திணறும் காலம் அது.

உங்கள் டெபாசிட் விஷயத்துக்கு வருகிறேன். வங்கிகள் அரசு பத்திரங்களை நிறைய வைத்திருக்கும். சொந்த அரசின் பத்திரத்துக்கு மூலதனம் (நஷ்டத்தைத் தாங்க வங்கி வைக்க வேண்டிய சொந்தப் பணம்) ஒதுக்கத் தேவையில்லை என்று பெரும்பாலான விதிகள் சலுகை தருகின்றன. அரசு தடுமாறினால் வங்கி அடிபடும். வங்கி அடிபட்டால் அதைக் காப்பாற்ற அரசு மேலும் கடன் வாங்க வேண்டும். ஐரோப்பா 2010-லிருந்து இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொண்டது.

சைப்ரஸில் நடந்ததை டெபாசிட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2012 மார்ச்சில் கிரீஸ் தன் கடனை மறுசீரமைத்தபோது, தனியார் கையில் இருந்த பத்திரங்களின் முகமதிப்பில் 53.5% வெட்டப்பட்டது. சைப்ரஸின் இரண்டு பெரிய வங்கிகள் அந்தக் கிரேக்கப் பத்திரங்களை ஏராளமாக வாங்கி வைத்திருந்தன. நஷ்டத்தைத் தாங்க முடியவில்லை. சைப்ரஸ் அரசிடமும் காப்பாற்றப் பணம் இல்லை. 2013-ல் லைக்கி வங்கியை மூடினார்கள். பேங்க் ஆஃப் சைப்ரஸில் 1,00,000 யூரோவுக்குமேல் வைத்திருந்தவர்களின் கூடுதல் தொகையில் 47.5% அந்த வங்கியின் பங்குகளாக மாற்றப்பட்டது. கிரேக்கப் பத்திரம் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காதவர்கள் அவர்கள். வங்கியில் டெபாசிட் போட்டார்கள், அவ்வளவுதான். வங்கி மூழ்கினாலும் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி தரப்பட்ட காப்பீட்டு வரம்பான 1,00,000 யூரோவுக்குள் வைத்திருந்தவர்களின் பணம் கடைசியில் தப்பியது.

ஆகவே உங்கள் நாட்டில் டெபாசிட் காப்பீட்டு வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். அதற்குமேல் இருப்பதை வேறு வங்கிகளுக்குப் பிரித்து வையுங்கள். கணக்கு முடங்கினாலும் வீட்டுச் செலவு ஓடும்படி ஒரு சிறு தொகை இன்னொரு வங்கியில் இருக்கட்டும். 2015-ல் கிரீஸில் ஒரு நாளைக்கு 60 யூரோவுக்குமேல் ஏடிஎம்மில் எடுக்க முடியவில்லை. 2001 டிசம்பரில் அர்ஜென்டினா வாரத்துக்கு 250 பெசோ என்று வரம்பு வைத்தது.

அப்படியானால் பணமாகவே கையில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இலங்கையைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனுக்கான தவணைகளை நிறுத்திவைத்தது. அந்த வருடத்திலேயே பணவீக்கம் 70 சதவிகிதத்தை ஒட்டிப் போனது. பெட்டியில் பணம் வைத்திருந்தவரின் வாங்கும் சக்தி, யாரும் தொடாமலேயே கரைந்தது. அடுத்த வருடம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கி டெபாசிட்டுகளை விட்டுவிட்டார்கள். ஊழியர் சேமலாப நிதியின் கையில் இருந்த பத்திரங்களோ குறைந்த வட்டியும் நீண்ட காலமும் கொண்ட பத்திரங்களாக மாறின. உழைத்துச் சேர்த்தவர்களின் ஓய்வுக்காலப் பணம் அது. உள்நாட்டுப் பணத்தில் வாங்கிய கடனை அரசு எப்படியும் கொடுத்துவிடும் என்று சொல்பவர்கள் இதையும், 1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் ரூபிள் பத்திரங்களுக்கே பணம் தராமல் நிறுத்தியதையும் மறந்துவிடக் கூடாது.

எந்த அரசு தாக்குப்பிடிக்கும், எது பிடிக்காது? மொத்தக் கடன் ஜிடிபியில் (நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தி மதிப்பில்) எத்தனை சதவிகிதம் என்ற ஒற்றை எண்ணை வைத்துச் செய்திகள் மிரட்டும். அது போதாது. ஜப்பானின் கடன் ஜிடிபியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சொந்தப் பணத்தில் வாங்கிய கடன், பெரும்பாலும் சொந்த நாட்டவரே வைத்திருப்பது, பின்னால் சொந்த மத்திய வங்கி. அர்ஜென்டினா 2001-ல் விழுந்தபோது அதன் கடன் ஜிடிபியில் சுமார் பாதிதான். ஆனால் அதில் பெரும்பங்கு அதனால் அச்சடிக்க முடியாத டாலரில் இருந்தது. எந்தப் பணத்தில் கடன், அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் எவ்வளவு முதிர்கிறது, வரி வருமானத்தில் எவ்வளவு வட்டிக்கே போகிறது என்று பாருங்கள். கடைசி நேரத்தில் வாங்க ஆள் இருக்கிறதா என்பதும் முக்கியம். இத்தாலியின் 10 வருட வட்டி 2011 நவம்பரில் 7 சதவிகிதத்தைத் தாண்டியது. 2012 ஜூலை 26 அன்று ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மரியோ டிராகி, யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்று சொன்ன பிறகு வட்டி இறங்கத் தொடங்கியது. 7 சதவிகிதத்தில் பயந்து விற்றவர் நஷ்டப்பட்டார், காத்திருந்தவர் மீண்டார். அதே நம்பிக்கையோடு கிரேக்கப் பத்திரத்தில் காத்திருந்தவர் பாதிக்குமேல் இழந்தார். இதனால்தான் பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொத்தாம்பொதுவாக யாருக்கும் என்னால் சொல்ல முடிவதில்லை.

செய்தி வந்த அன்று விற்பதும் உதவாது. 2011 ஆகஸ்ட் 5 அன்று ஸ்டாண்டர்டு அண்ட் புவர்ஸ் என்ற ரேட்டிங் நிறுவனம் அமெரிக்க அரசின் ரேட்டிங்கை, அதாவது கடனைத் திருப்பித் தரும் திறனுக்கான மதிப்பீட்டை, முதல்முறையாக மிக உயர்ந்த ஏஏஏ நிலையிலிருந்து இறக்கியது. அடுத்த வர்த்தக நாளில் அமெரிக்கப் பங்குச் சந்தை 6 சதவிகிதத்துக்குமேல் விழுந்தது. ரேட்டிங் குறைக்கப்பட்ட அதே அரசு பத்திரங்களோ விலை ஏறின. பயந்தவர்கள் ஒதுங்க இடம் தேடி ஓடியது அங்கேதான்.

உங்கள் நண்பருக்கு என் பதில் இது. வட்டி ஏன் ஏறியது என்று முதலில் கேட்க வேண்டும். பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி ஏற்றியதால் என்றால் வாங்க நல்ல வாய்ப்பாக இருக்கலாம். பணம் திரும்புமா என்ற சந்தேகத்தில் ஏறியது என்றால் அது வருமானம் இல்லை, நீங்கள் ஏற்கும் ஆபத்துக்கான கூலி. மத்திய வங்கியின் வட்டி அசையாமல் இருக்கும்போது அரசு பத்திரத்தின் வட்டி மட்டும் எகிறினால், கூடவே நாணயத்தின் மதிப்பும் இறங்கினால், பெரும்பாலும் இரண்டாவது காரணம்தான்.

கம்பெனி கடன் பத்திர ஃபண்டில் இருப்பது சிறு தொகை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேட்டிங் குறைந்த பத்திரங்கள் எத்தனை சதவிகிதம் என்று மாதாந்திர அறிக்கையில் பாருங்கள். அரசின் ரேட்டிங் இறங்கினால் அந்த நாட்டுக் கம்பெனிகளின் ரேட்டிங்கும் பெரும்பாலும் சேர்ந்தே இறங்கும். நெருக்கடியில் அரசு பத்திரத்தையாவது ஏதோ ஒரு விலைக்கு விற்கலாம், சில கம்பெனி பத்திரங்களுக்கு வாங்க ஆளே இருக்காது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. படிப்புப் பணம் மொத்தமும் கட்டணம் கட்டும் தேதிக்கு முன்பே முதிரும் டெபாசிட்டுக்கோ குறுகிய கால அரசு பத்திரத்துக்கோ போகட்டும். மகள் வெளிநாட்டில் படிக்கப்போகிறார் என்றால் அதில் ஒரு பகுதியை அந்த நாட்டுப் பணத்திலேயே இப்போதிருந்து சேருங்கள். நெருக்கடியில் உள்ளூர் நாணயமும் பெரும்பாலும் சரியும்.

ஓய்வுக்கால ஃபண்டின் அறிக்கையில் ‘மாடிஃபைட் டியூரேஷன்’ என்று ஒரு எண் இருக்கும். அது 12 என்றால், வட்டி 1% ஏறினால் ஃபண்டின் மதிப்பு ஏறத்தாழ 12% இறங்கும் என்று பொருள். உங்களுக்கு இருப்பது 6 வருடம். ஓய்வுக்காலப் பணம் முழுவதற்கும் சேர்த்து அந்த எண்ணின் சராசரியை 5 அல்லது 6-க்குக் கொண்டுவரும் அளவுக்கு, ஃபண்டில் ஒரு பகுதியை விற்று, நீங்கள் ஓய்வு பெறும் வருடத்தையொட்டி முதிரும் பத்திரங்களை நேரடியாக வாங்குங்கள். மீதியை வைத்திருக்கலாம். விற்பதற்கு முன் எக்ஸிட் லோடும் (ஃபண்டிலிருந்து வெளியேறப் பிடிக்கும் கட்டணம்) வரியும் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். அது அதிகமாக இருந்தால் ஓய்வுக்காலப் பகுதியைச் சில மாதங்கள் தள்ளி மாற்றலாம். படிப்புப் பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை, லோடு கட்டியாவது எடுத்துவிடுங்கள்.