பைலட் சுடருக்கு எவ்வளவு செலவாகிறது? பழைய பாய்லர் கேள்வி பதில்

லண்டனில் கேஸ் பாய்லர் பழுது பார்ப்பது என் தொழில். பில் ஏறினால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் பைலட் மேல்தான், அதாவது பாய்லரின் பெரிய நெருப்பைப் பற்றவைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் அந்தச் சின்ன நீலச் சுடர் மேல். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேஸ் ஒரு கிலோவாட் மணிக்கு 6.3 பென்ஸ், மின்சாரம் 26 பென்ஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் பில்லில் வேறு விலை இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): அண்ணா, நாங்கள் வாங்கிய வீட்டில் தொண்ணூறுகளில் வைத்த பாய்லர் இருக்கிறது. பைலட் இரவு பகலாக எரிகிறது. மாதம் எவ்வளவு போகும்?

பதில்: பாய்லருக்குப் பாய்லர் மாறும். 50 வாட்டும் இருக்கும், 200 வாட்டும் இருக்கும். நடுவில் 100 வாட் என்று வைத்தால் நாளைக்கு 2.4 கிலோவாட் மணி, அதாவது 15 பென்ஸ். மாதம் நாலரைப் பவுண்டு, வருடம் 55 பவுண்டு. கேஸைத் தொடாவிட்டாலும் தினமும் கட்டுகிறோமே ஸ்டாண்டிங் சார்ஜ், அதுவே 30 பென்ஸை ஒட்டி வருகிறது.

கேள்வி (ஹாரோ): ஐம்பதா இருநூறா என்று என் வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மீட்டரைக் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு ஹீட்டிங், சுடுதண்ணீர் இரண்டின் டைமரையும் நிறுத்துங்கள். அடுப்பு வேண்டாம். ஹாலில் கேஸ் ஃபயர் இருந்தால் அதற்கும் தனிப் பைலட் இருக்கலாம், அதையும் அணையுங்கள். மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு மறுபடி பாருங்கள். ஒரு கன மீட்டர் கேஸ் ஏறக்குறைய 11 கிலோவாட் மணி. ஆகவே பத்து மணி நேரத்தில் 0.09 ஓடியிருந்தால் உங்கள் பைலட் 100 வாட், 0.18 என்றால் 200. கன அடி மீட்டராக இருந்தால் 100 வாட்டுக்குச் சுமார் 3 கன அடி ஓடும்.

பைலட்டையும் அணைத்த பிறகு மீட்டர் நகர்ந்தால் அது கசிவு. அப்போது கணக்கை விட்டுவிட்டு மீட்டர் பக்கத்து வால்வை மூடுங்கள், கேஸ் அவசர எண் 0800 111 999க்கு உடனே அழையுங்கள்.

கேள்வி (மிட்சம்): தம்பி, கோடையில் பைலட்டை அணைத்துவிட்டு, சுடுதண்ணீர் சிலிண்டருக்குள் இருக்கும் மின்சார இமர்ஷன் ஹீட்டரில் தண்ணீர் சுட வைக்கிறோம். மிச்சம்தானே?

பதில்: இல்லை அக்கா, நஷ்டம். நிறைய வீடுகளில் இதைப் பார்க்கிறேன். சிலிண்டர் தண்ணீருக்கு நாளைக்கு 5 கிலோவாட் மணி சூடு வேண்டும் என்று வைப்போம். மின்சாரத்தில் அது 1 பவுண்டு 30. பழைய பாய்லர் கோடையில் மோசமாகத்தான் ஓடும். எரிக்கும் கேஸில் பாதிதான் தண்ணீரில் சேருகிறது என்றே வையுங்கள். அப்படியும் 10 கிலோவாட் மணி, 63 பென்ஸ். பைலட்டின் 15ஐச் சேர்த்தாலும் 78தான். பதினைந்து பென்ஸை மிச்சம் பிடிக்கப் போய், நாளுக்கு ஐம்பது பென்ஸுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

குளிக்க எலக்ட்ரிக் ஷவர், பாய்லர் ஹீட்டிங்குக்கு மட்டும் என்றால் கதை வேறு. மே முதல் செப்டம்பர் வரை அணைத்து வைத்தால் 23 பவுண்டு கையில் நிற்கும். ஆனால் பைலட்டின் இளஞ்சூடு பாய்லருக்குள் ஈரம் தங்காமல் காக்கிறது. ஈரமான கராஜில் ஐந்து மாதம் குளிர்ந்து கிடந்த பாய்லர் அக்டோபரில் பற்ற மறுக்கும். அப்புறம் என்னைக் கூப்பிடுவீர்கள், அந்த 23 பவுண்டு என் கைக்கு வந்துவிடும்.

கேள்வி (லெஸ்டர்): பைலட் வாரத்துக்கு இரண்டு தடவை அணைகிறது. கேஸ் வீட்டுக்குள் பரவிவிடாதா?

பதில்: அதைத் தடுக்கத்தான் தெர்மோகப்பிள் இருக்கிறது. சுடரில் படும்படி நிற்கும் மெல்லிய கம்பிதான் அது. சூட்டில் அதிலிருந்து 20, 30 மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும். கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருப்பது அந்தத் துளி மின்சாரம்தான். சுடர் போனால் கம்பி ஆறும், ஒரு நிமிடத்துக்குள் வால்வு மூடிக்கொள்ளும். பற்றவைக்கும்போது குமிழை இருபது விநாடி அழுத்திப் பிடிப்பதும் கம்பி சூடேறுவதற்காகத்தான்.

அடிக்கடி அணைந்தால் பெரும்பாலும் தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கும், அல்லது பைலட்டுக்குக் கேஸ் வரும் சின்னத் துளையான ஜெட்டில் தூசி. பாகம் மலிவுதான், ஆனால் கேஸ் வேலை செய்பவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவு உள்ளவரையே அழையுங்கள். சுடர் நீலமாக, கூராக நிற்க வேண்டும். மஞ்சளாகத் தள்ளாடினால் பாய்லரை அணைத்துவிட்டு ஆளை வரச்சொல்லுங்கள், கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்.

கேள்வி (க்ராய்டன்): பைலட் செலவு மிஞ்சும் என்று சொல்லி 2,500 பவுண்டுக்குப் புதுப் பாய்லர் விற்கப் பார்க்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பைலட்டுக்காக மட்டும் என்றால் போட்ட பணம் திரும்ப 45 வருடம் ஆகும்! சரி, முழுக் கணக்கையும் பார்ப்போம். வருடம் 12,000 கிலோவாட் மணி எரிக்கும் வீடு, 70 சதவீதத் திறன் பாய்லர். 90 சதவீதத்துக்கு மாறினால் பைலட்டையும் சேர்த்து 210 பவுண்டு போல மிஞ்சும். அதில் பைலட்டின் பங்கு கால்வாசிதான். அப்படியும் பன்னிரண்டு வருடம். பாய்லர் நன்றாக ஓடி, பாகமும் கிடைக்கிற வரை நான் அவசரப்பட மாட்டேன். சின்ன ஃபிளாட்டில் கேஸ் குறைவாக எரிப்பவர்களுக்கு இன்னும் அவசரமில்லை.

கேள்வி (வெம்ப்ளி): எங்களுடையது புது காம்பி (சிலிண்டர் இல்லாமல், குழாயைத் திறக்கும்போதே தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர்), பைலட்டே இல்லை. ஆனாலும் யாரும் குழாய் திறக்காத நடுராத்திரியில் தானாகப் பற்றுகிறதே?

பதில்: அது ப்ரீஹீட். குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர் வர, உள்ளே கொஞ்சம் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கிறது. பேனலில் ஈகோ என்று இருந்தால் அதற்கு மாற்றுங்கள். காலையில் சுடுதண்ணீருக்குச் சில விநாடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.