கேட்காமலே ஏற்றிய விண்டோஸ் புரோவை இறக்குவது எப்படி?

கேள்வி: வணக்கம் ஐயா. மகள் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். நாலு வருடத்துக்கு முன் வாங்கிய அவளுடைய லேப்டாப் ரொம்பவும் மெதுவாக ஓடியதால் ஜோர்ஜ்டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். திரும்ப எடுக்கப் போனபோது, "விண்டோஸ் 11 ஹோம் இருந்ததால்தான் ஸ்லோ, புரோவாக மாத்தியாச்சு" என்று சொல்லி 180 வெள்ளி வாங்கிவிட்டார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. வேகமும் கூடவில்லை. இப்போது திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலாக இரண்டு வரி வந்து நிற்கிறது. பழைய ஹோமுக்கே போய்விடலாமா? அதற்கு இன்னும் 120 வெள்ளி ஆகும் என்கிறார் கடைக்காரர்.
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அந்த 120 வெள்ளியைக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஹோம் உரிமம் எங்கும் போகவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, விண்டோஸோடு விற்கும் லேப்டாப்புகளில் அதன் சாவியை (உரிமத்தைக் காட்டும் ரகசிய எண்ணை) தயாரிப்பாளரே மதர்போர்டில், அதாவது லேப்டாப்பின் முதன்மைப் பலகையில், பதித்துத்தான் அனுப்புகிறார். கடைக்காரர் மேலே எதை ஏற்றினாலும் அது அங்கேயே இருக்கும். மதர்போர்டையே மாற்றினால்தான் சிக்கல்.

முதலில் அந்த "ஸ்லோ" கதை. ஹோமைவிட புரோ வேகமானது என்பது சுத்தப் பொய். இரண்டும் ஒரே விண்டோஸ்தான். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர், வேறு கணினியிலிருந்து இதைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப், அலுவலக நெட்வொர்க்கில் சேரும் வசதி என்று சில புரோவில் கூடுதலாக உண்டு, அவ்வளவுதான். அசல் உரிமத்தோடு புரோ போட்டிருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடச் சொல்லியிருப்பேன். உங்கள் திரையில் நிற்கும் அந்த இரண்டு வரியோ இது ஆக்டிவேட் ஆகவில்லை என்று காட்டிக் கொடுக்கிறது.

இதே மாதிரி புரோ போட்டுக்கொண்டு, மூலையில் எந்த வரியும் வராத வாசகர்களும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்று சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் எக்ஸ்-பி-ஆர் என்ற மூன்று எழுத்தும் போட்டு என்டர் கொடுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்குப் பதிலாக ஒரு தேதி வந்தால், பெரிய நிறுவனங்களுக்கான உரிம முறையை உங்கள் வீட்டுக் கணினியில் ஓட்டியிருக்கிறார்கள். அது 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சரக்கு.

சரி, இறங்குவதற்கு வருவோம். ஹோமிலிருந்து புரோவுக்கு ஏற ஒரு சாவி போதும். ஆனால் கீழே இறங்க அந்த வழி இல்லை. ஹோம் சாவியைத் தட்டினால் புரோ ஏற்காது. செட்டிங்ஸில் "ரீசெட்" கொடுத்தாலும், இருக்கிற புரோவையேதான் திரும்பப் போட்டுக்கொள்ளும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில்) பெயரை மாற்றி ஏமாற்றும் வித்தையை யூடியூபில் காட்டுவார்கள். மைக்ரோசாஃப்ட் ஆதரிக்காத வழி அது. படிப்புக்கு நம்பியிருக்கும் லேப்டாப்பில் வேண்டாம்.

புதிதாகப் போடுவதுதான் நேரான வழி. அதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ன வகை என்று பாருங்கள். எச்.டி.டி (சுழலும் தட்டுள்ள பழைய வகை) என்று இருந்தால் மெதுவாக ஓடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, வேகமான புதிய வகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு அதில் ஹோமை ஏற்றச் சொல்லுங்கள் (வேறு கடையில்!). உரிமம் போர்டோடு இருப்பதால் டிஸ்க் மாறினால் பாதகமில்லை. மகளின் பாடக் குறிப்பும் படங்களும் பழைய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், வேண்டியதை அப்புறம் நகலெடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே எஸ்.எஸ்.டி.தான் என்றால் எல்லாக் கோப்பையும் வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்த பிறகே கை வையுங்கள், எல்லாம் அழியும்.

விண்டோஸுக்குத் தனியாகக் காசு வேண்டாம். குறைந்தது 8 ஜி.பி. பெண்ட்ரைவ் ஒன்றில், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை வைத்து நிறுவியைத் தயாரிக்கலாம். அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கினால் போர்டில் உள்ள சாவியை அதுவே படித்து, எந்த எடிஷன் (ஹோமா, புரோவா) என்று கேட்காமல் ஹோமைப் போடும். நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். ஒரே ஒரு இடத்தில் பலர் மாட்டுவார்கள்: ஹோம் நிறுவும்போது நெட் இணைப்பு கேட்கும், ஆனால் சில லேப்டாப்பில் வைஃபை டிரைவர் (வைஃபையை இயக்கும் மென்பொருள்) அப்போது இருக்காது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த டிரைவரை முன்கூட்டியே இறக்கி அதே பெண்ட்ரைவில் போட்டுவையுங்கள். லேப்டாப்போடு ஆபீஸ் வந்திருந்தால், அது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது, கடவுச்சொல் என்ன என்பதையும் இப்போதே மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த 180 வெள்ளி. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளோடு சேவைக்கும் பொருந்தும். பொய்யான தகவல் சொல்லி விற்பதையும் அது தடுக்கிறது. ரசீது, மூலையில் தெரியும் வரிகளின் படம், 120 வெள்ளி கேட்ட வாட்ஸ்அப் செய்தி ஏதும் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் எடுத்துவைத்து முதலில் கடையில் எழுத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் 1969இலிருந்து இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் யோசனை கேட்கலாம்.

கேள்வி: விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறி ஒரு வாரம் ஆகிறது, பிடிக்கவில்லை. திரும்பலாமா?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்களுக்கு வழி சுலபம். இது ஹோம், புரோ என்ற எடிஷன் மாற்றம் இல்லை, 10இலிருந்து 11 என்ற பதிப்பு மாற்றம். செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி என்று போனால் "கோ பேக்" பொத்தான் இருக்கும். மாறிய நாளிலிருந்து 10 நாள்தான் அது வேலை செய்யும், அதற்குள் இடத்தைக் காலி பண்ணுகிறேன் என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட) 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி என்றால் நான் 11இலேயே இருந்து பழகிக்கொள்வேன். ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருப்பதுதான் எரிச்சல் என்றால், டாஸ்க்பார் செட்டிங்ஸில் அதை இடது பக்கம் தள்ளிவிடலாம்.