போர்க்காலக் கேலிச்சித்திரங்கள் மக்களுக்கு நிஜமாகவே தைரியம் கொடுத்தனவா, வெறும் பிரச்சாரம்தானா?

பரீட்சைக்குக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் 'தைரியம் கொடுத்தன' என்று எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால லண்டன் கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ பெயரை விட்டுவிடாதீர்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்த சூட்டோடு, கடலோரப் பாறையில் நின்று வானத்தைப் பார்த்து முஷ்டியை உயர்த்தும் ஒரு சிப்பாயை வரைந்தார். 'சரி, தனியாகவே பார்த்துக்கொள்கிறோம்' என்பது வாசகம். அடுத்த மாதமே பஞ்ச் என்ற லண்டன் நகைச்சுவைப் பத்திரிகையில் ஃபூகாஸ் ஒரு படம் போட்டார். "பாவம், நம்ம சாம்ராஜ்யம் தனியாகிவிட்டது" என்கிறான் ஒரு சிப்பாய். "ஆமாம், ஐம்பது கோடிப் பேரும்" என்கிறான் மற்றவன்.

அந்த ஐம்பது கோடியில் எங்கள் ஐயாவும் ஒருவர். ஐயா என்றால் அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்றவர், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு உதவியாளாக இருந்தார்.

1971 டிசம்பர், வங்கதேசப் போர். எனக்குப் பத்து வயது. ஏதோ பத்திரிகையில் பார்த்த பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானை முகப்புச் சுவரில் அடுப்புக்கரியால் வரைந்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த எங்கள் செட்டிநாட்டுச் சுவர் தெரியுமல்லவா, முகம் பார்க்கலாம். கரி வழுக்கிக்கொண்டே போனது. எச்சில் தொட்டுத் தொட்டுப் புருவத்தை மட்டும் கட்டைவிரல் பருமனுக்கு ஏற்றினேன். வேட்டி அவிழ ஓடுகிற மாதிரி. (அவர் வேட்டி கட்ட மாட்டார் என்று அப்போது தெரியாது.) வளவுப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள்.

ஐயா குளித்துவிட்டு வந்தவர் நின்று பார்த்தார். சுவரைப் பாழாக்கியதற்கு அடி விழும் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டார்.

"நாங்களும் இப்படித்தாண்டா சிரிச்சோம். இங்கிலீசு பேப்பர்ல சப்பான்காரனப் போட்டிருப்பான். சோடாபுட்டிக் கண்ணாடி, முன்னால துருத்திக்கிட்டுப் பல்லு. 'இவனுக்குக் கண்ணே தெரியாது, இவன் எங்க ஏரோப்ளேன் ஓட்டப்போறான்'னு மேலாள் சொல்லுவாரு. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்."

1941 டிசம்பர் 23 காலையில் ஜப்பான் விமானங்கள் வந்தபோது ரங்கூன் தெருக்களில் கூட்டம் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தது. அந்தக் கூட்டத்தின்மேல் குண்டு விழுந்தது. ஐயா பர்மா எல்லையிலுள்ள தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தார். கூடச் சிரித்த மேலாள் வரவில்லை. சொல்லி முடித்ததும் ஈரத் துண்டை என் கையில் கொடுத்தார். இரண்டே இழுப்பில் யாஹ்யா கான் போய்விட்டார்.

'படத்தை நம்பியா சிங்கப்பூர் விழுந்தது?' என்று கேட்க இங்கே நாலு பேர் தயாராக இருப்பார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த 1942 பிப்ரவரி 15-க்கு ராணுவக் காரணங்கள் ஆயிரம் உண்டு. கேலிச்சித்திரத்துக்கு நான் எதிரியும் இல்லை. பாரதி தன் 'இந்தியா' பத்திரிகையில் போட்ட படங்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறவன்தான். ஆனால் நம்மவனை நிமிர்த்திக் காட்டும் லோவின் படம் ஒரு ஜாதி, எதிரியைக் கோமாளியாக்கும் படம் வேறு ஜாதி. இரண்டாவது, வரைந்தவன் வீட்டையே ஏமாற்றும். சொந்த அரசையே உறுத்தும் மூன்றாவது ஜாதியும் உண்டு: 1942 மார்ச்சில், ரங்கூன் விழுந்த அதே மாதம், டெய்லி மிரரில் ஃபிலிப் செக் வரைந்தது. நடுக்கடலில் மிதவையில் கிடக்கும் மாலுமி, கீழே பெட்ரோல் விலை ஒரு பென்னி ஏற்றம் என்ற அறிவிப்பு. சர்ச்சில் அரசு பத்திரிகையையே மூடிவிடுவோம் என்று மிரட்டியது. ஹிட்லரைக் கிண்டலடித்த வரைக்கும் பேனா நல்ல பேனா!

அந்தச் சுவரைப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். வீடு பதினொரு பங்கு. மூன்று வருஷத்துக்கு முன் பங்காளிகள் என்னைக் கேட்காமல் சினிமா ஷூட்டிங்குக்கு விட்டார்கள். வந்தவர்கள் முகப்பு முழுக்க நீல எமல்ஷன் அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு வாடகைப் பணம்கூட என் பங்குக்கு வரவில்லை. கேட்டால் 'பெயிண்ட் அடிச்சுப் புதுசாத்தானே ஆக்கியிருக்காங்க' என்கிறார்கள். போன தை மாதம் முன்னோர் படைப்புக்குப் போனபோது யாரோ வீட்டுப் பையன் அதில் கரியால் கிரிக்கெட் ஸ்டம்ப் வரைந்திருந்தான். நன்றாகவே ஒட்டியிருந்தது.