மின்சாரம் போனால் ஓட வேண்டிய பம்ப்: கேள்வி பதில்

பேஸ்மென்ட் குழியில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ள ஒரு மெயின் பம்ப், மின்சாரம் போனால் கைகொடுக்க 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் இன்னொரு பம்ப். இந்த இரண்டாவது பம்ப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், சார்ஜரில் எப்போதும் பச்சை விளக்குதான். மீட்டரும் 12.6 வோல்ட் காட்டியது. ஆனால் மின்சாரம் போனபோது பம்ப் பத்து நிமிடம்கூட ஓடவில்லை. புது பம்ப் வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள். பம்ப் ஓடியிருக்கிறது, பேட்டரிதான் கைவிட்டிருக்கிறது. பச்சை விளக்குக்கு அர்த்தம் ‘இதற்கு மேல் ஏறவில்லை’ என்பது மட்டும்தான். தகடுகளில் சல்பேட் படிந்த பேட்டரி, தூர்ந்துபோன கிணறு மாதிரி. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும், நாலு வாளி இறைத்தால் தரை தட்டும். சும்மா இருக்கையில் 12.6 காட்டும் அதே பேட்டரி, பம்ப் 10, 15 ஆம்பியர் இழுக்கத் தொடங்கியதும் படுத்துவிடும்.

சோதிக்கும் முறை இது. குழியில் தண்ணீர் இருக்கட்டும். சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில மணி நேரம் விடுங்கள். பிறகு பம்பை ஓடவிட்டு, ஓடும்போதே மீட்டரின் முனைகளை பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் வையுங்கள். நல்ல பேட்டரி சற்று இறங்கி, 12-க்கு மேலோ அதை ஒட்டியோ நிற்கும். கண்ணெதிரே 11.5, 11, 10.5 என்று சரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அப்புறம் இன்னொன்று: அதே முனைகளைக் குமிழிலிருந்து நகர்த்தி வயர் கிளாம்ப் மேல் வைத்துப் பாருங்கள். குமிழில் 12.2, கிளாம்பில் 11 என்று வந்தால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, இடையில் பூத்திருக்கும் உப்புதான் மின்சாரத்தைத் தடுக்கிறது. சுத்தம் செய்தால் போதும், செலவே இல்லை.

கேள்வி: 75 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

பதில்: பம்ப் 12 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி ஆறு மணி நேரத்துக்கு மேல். நடப்பில் அவ்வளவு வராது. பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் ஏ.எச். பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல மெல்லக் காலி செய்தால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் கொள்ளளவே குறையும். இடைவிடாமல் ஓடினால் நான்கு, ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால்.

ஆனால் பம்ப் விட்டுவிட்டுத்தானே ஓடும்? நல்ல மழையில் குழிக்குப் பக்கத்தில் நின்று, மெயின் பம்ப் எத்தனை விநாடி ஓடுகிறது, எத்தனை விநாடி நிற்கிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 15 விநாடி ஓடினால் தாங்கும் நேரம் நாலு மடங்கு வரை நீளும். பேட்டரி பம்ப் மெயின் பம்பைவிட மெதுவாக இறைக்கும் என்பதால் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கார் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. மாட்டலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. அது ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுத்து இன்ஜினைக் கிளப்பச் செய்தது. தகடு மெலிது. முழுக்க இறங்கி ஏறுவதைச் சில தடவைக்கு மேல் தாங்காது. முழுக்க இறங்கி ஏறுவதற்கென்றே செய்த டீப் சைக்கிள் வகைதான் வேண்டும்.

கேள்வி: பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கிறது. ஒருவர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். குடிக்கிற மினரல் வாட்டர் ஊற்றலாமா?

பதில்: இரண்டும் கூடாது அம்மா. சார்ஜ் ஏறும்போது குறைவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. அதனால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குடிநீரில் இருக்கும் தாது உப்புகள் தகட்டைக் கெடுக்கும். முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். கண்ணாடியும் கையுறையும் அவசியம். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும், பக்கத்தில் தீக்குச்சி உரசுவது விபரீதம். சீல் செய்த ஏஜிஎம் பேட்டரி என்றால் இந்த வேலையே இல்லை.

கேள்வி: மோட்டார் சத்தம் கேட்கிறது. தண்ணீர் மட்டும் வெளியே போகவில்லை. குழி நிறைந்துகொண்டே வருகிறது.

பதில்: இதற்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதலில் வெளியே போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். இலை, மண், உறைந்த பனி, எலிக்கூடு, எதுவும் அடைத்திருக்கலாம். அங்கே சரி என்றால் அடுத்தது ஏர் லாக். பம்புக்கும் செக் வால்வுக்கும் (ஏறிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) நடுவே காற்று சிக்கிக்கொண்டால் விசிறி சும்மா சுற்றும். செக் வால்வுக்குக் கீழே, குழிக்குள்ளேயே வரும்படி, குழாயில் சுமார் 5 மி.மீ. துளை இருக்க வேண்டும். பல பம்புகளில் துளை இருக்கும், ஆனால் சேறு அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். பம்ப் ஓடும்போது அதிலிருந்து மெல்லிய பீச்சு வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. இரண்டு பம்புக்கும் வெளியே போக ஒரே குழாய்தானா? அப்படியென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி செக் வால்வு வேண்டும். மெயின் பம்ப் பக்கத்து வால்வு மூடாமல் நின்றுவிட்டால், பேட்டரி பம்ப் ஏற்றும் தண்ணீர் அந்த வழியாகவே குழிக்குத் திரும்பி இறங்கும். மோட்டார் ஓடும், பேட்டரி கரையும், தண்ணீர் அதே குழியைச் சுற்றிவரும்.

அண்மையில் யாராவது வயரைக் கழற்றி மாட்டினார்களா? சாதாரண டிசி மோட்டாரில் பிளஸ், மைனஸ் மாறினால் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வழக்கம்போல இருக்கும், தண்ணீர் சரியாக ஏறாது.

குழிக்குள் கைவிடும் முன் இரண்டு பம்புகளின் இணைப்பையும் துண்டியுங்கள்.

கேள்வி: மின்சாரம் இருக்கும்போதே பேட்டரி பம்ப் ஓடுகிறது. ஏதாவது ஷார்ட்டா?

பதில்: பேட்டரி பம்பின் மிதவை (தண்ணீர் ஏறியதும் எழும்பி பம்பை ஓடவைக்கும் சுவிட்ச்) மெயின் பம்பின் மிதவையைவிட உயரத்தில் இருக்கும். அதுவரை தண்ணீர் வந்துவிட்டது என்றால் மெயின் பம்ப் வேலை செய்யவில்லை அல்லது தாக்குப்பிடிக்கவில்லை. பெரும்பாலும் அதன் மிதவை குழிச் சுவரிலோ வயரிலோ சிக்கியிருக்கும்.

கேள்வி: மின்சாரம் வந்து ஒரு நாள் ஆகிறது, அலாரம் இன்னும் நிற்கவில்லை.

பதில்: பேட்டரி இன்னும் முழுதாக ஏறாததால் அலாரம் கத்தலாம். 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் காலியான 75 ஏ.எச். பேட்டரிக்கு இரண்டு நாள்கூட ஆகும். அதற்குப் பிறகும் கத்தினால் பியூஸையும் டெர்மினலையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சார்ஜரை நிறுத்தி, மைனஸ் வயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். தண்ணீர் ஊற்றும் மூடிகள் உள்ள பேட்டரி என்றால், அந்தச் சோடா நீர் உள்ளே இறங்கக் கூடாது. மாட்டும்போது மைனஸ் கடைசி. மேலே கொஞ்சம் வாசலின்.

கேள்வி: மாதாமாதம் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறேன். அது போதாதா?

பதில்: பட்டன் மோட்டாரைத்தான் சோதிக்கிறது, மிதவையை அல்ல. மெயின் பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிதவை தானே எழும்வரை குழியில் வாளி வாளியாக ஊற்றுங்கள். தண்ணீர் வெளியே போய் விழுவதை ஒருவர் போய்ப் பார்க்கட்டும். முடிந்ததும் பிளக்கைத் திரும்ப மாட்ட மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: நன்றாக ஓடும் பேட்டரியை எப்போது மாற்றுவது?

பதில்: ஈய-அமில பேட்டரி இந்த வேலையில் மூன்று முதல் ஐந்து ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து, முதல் பதிலில் சொன்ன ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையை விடாமல் செய்யுங்கள். வாங்கிய தேதியை மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதிவையுங்கள், ரசீது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும். பழையதைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். பழைய பேட்டரி எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.