பல் கிளிப்புக்கு முன் வைக்கும் செப்பரேட்டர்: ரப்பரா, ஸ்பிரிங்கா?

கேள்வி: என் 13 வயது மகளுக்குப் பல் வரிசையைச் சீராக்கக் கிளிப் போட முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் கடைவாய்ப் பற்களுக்கு இடையே 8 இடங்களில் செப்பரேட்டர் வைக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ரப்பர் வளையம் வைத்தால் அது மொத்தக் கட்டணத்திலேயே அடங்கிவிடுமாம். வலி குறைவான ஸ்பிரிங் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமாம். என் அண்ணிக்குப் பல ஆண்டுகளுக்கு முன் பித்தளைக் கம்பியை முறுக்கி வைத்தார்கள் என்றும், அந்த ஒரு வாரம் சோறுகூட மெல்ல முடியவில்லை என்றும் அவர் சொல்லி மகளைப் பயமுறுத்தியிருக்கிறார். கூடுதல் பணம் கொடுத்து ஸ்பிரிங் வைப்பது பயனுள்ளதா? (வாசகி, திருச்சி)

பதில்: வலியைக் குறைப்பதற்காக மட்டும் என்றால் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் செலவைவிட முக்கியமான வேறு சில கேள்விகளையும் நீங்கள் அந்தக் கிளினிக்கில் கேட்க வேண்டியிருக்கிறது.

கிளிப்பின் கம்பியைத் தாங்குவதற்காகக் கடைவாய்ப் பல்லைச் சுற்றி மாட்டும் எஃகு வளையத்தைப் பேண்ட் என்கிறார்கள். அதன் தகடு ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவே இருக்கும் என்றாலும், ஒன்றையொன்று இறுக்கமாகத் தொட்டு நிற்கும் கடைவாய்ப் பற்களுக்கு இடையே அதுகூட நுழையாது. எனவே ஐந்து முதல் ஏழு நாள் வரை செப்பரேட்டரை வைத்துப் பற்களைச் சிறிது விலக்குகிறார்கள். கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி கிடைத்தாலே பேண்ட் உள்ளே போய்விடும். செப்பரேட்டரின் வேலை இவ்வளவுதான். பல் வரிசையைச் சீராக்குவதில் அதற்கு வேறு பங்கு எதுவும் இல்லை.

இப்போது பெரும்பாலான இடங்களில் வைக்கப்படுவது பாலியூரித்தேன் போன்ற செயற்கை ரப்பரால் ஆன சிறு வளையம். மருத்துவர் ஒரு சிறப்பு இடுக்கியாலோ, வளையத்துக்குள் கோத்த, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யப் பயன்படும் இரண்டு ஃப்ளாஸ் நூல்களாலோ அதை மெல்லியதாக இழுத்து, இரு பற்களும் தொடும் இடத்துக்கு மேலே ஒரு பாதியும் கீழே ஒரு பாதியும் இருக்குமாறு உள்ளே இறக்குவார். கையை எடுத்ததும் வளையம் தன் பழைய தடிமனுக்குத் திரும்ப முயலும்; அந்த அழுத்தத்தில்தான் பற்கள் விலகுகின்றன. வைத்த சில நிமிடங்களுக்கு இறைச்சி நார் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது போன்ற உணர்வு மட்டுமே இருக்கும். வலி சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறுநாள் உச்சத்தை அடைந்து, இரண்டு மூன்று நாட்களில் இறங்கத் தொடங்கும். பல்லின் வேரைச் சூழ்ந்துள்ள மெல்லிய திசு நசுங்குவதாலும், அங்கே சுரக்கும் வேதிப்பொருட்களாலும் வருவது இந்த வலி. எந்தப் பொருளை வைத்தாலும் பல் நகர வேண்டுமானால் அந்தத் திசு அழுத்தப்பட்டே ஆக வேண்டும் என்பதால், வலியே இல்லாத செப்பரேட்டர் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

ஸ்பிரிங் செப்பரேட்டர் என்பது ஒரு சிறு சுருளும் அதிலிருந்து நீளும் இரண்டு கைகளும் கொண்ட மெல்லிய கம்பி. ஒரு கை பற்கள் தொடும் இடத்துக்குக் கீழேயும் மற்றொன்று மேலேயும் செல்ல, சுருள் கன்னத்தின் பக்கம் வெளியே நிற்கும். ரப்பரையும் ஸ்பிரிங்கையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ரப்பர் தரும் இடைவெளி ஸ்பிரிங் தருவதற்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருந்திருக்கிறது. இரண்டுமே பேண்ட் மாட்டப் போதுமான இடத்தைக் கொடுத்துவிடுகின்றன. வலியைப் பொறுத்தவரை, முதல் இரண்டு நாட்களில் ஸ்பிரிங் சற்றே மென்மையாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்ல, வேறு சிலவற்றில் வேறுபாடே தெரியவில்லை. ஒரு வாரம் முடியும்போது இரண்டிலும் வலி பெரும்பாலும் போய்விடுகிறது. முதல் இரு நாட்களில் கிடைக்கலாம் அல்லது கிடைக்காமலும் போகலாம் என்ற அளவிலான ஒரு சிறு நிம்மதிக்காக 8 இடங்களுக்குத் தனித்தனியாகப் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போதாக்குறைக்கு, இடைவெளி திறக்கத் திறக்க ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்து அது தானாகவே விழுந்துவிடுவதும் உண்டு. வெளியே நிற்கும் சுருள் சிலருக்குக் கன்னத்தின் உட்புறத்தை உரசிப் புண்ணாக்கும்.

ஆனாலும் ஸ்பிரிங் வீணானது என்று சொல்லிவிட முடியாது. பற்கள் மிக இறுக்கமாக இருந்து ரப்பர் உள்ளே இறங்க மறுக்கும் இடத்தில், குழந்தையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் போராடுவதைவிட ஸ்பிரிங்கை மாட்டுவது எளிது. அப்படிப்பட்ட இடத்தில் எதை வைப்பது என்பது மருத்துவர் சிகிச்சைக்காக எடுக்கும் முடிவு; அதை விலைப்பட்டியலில் நோயாளி தேர்ந்தெடுக்கும் ஆடம்பரப் பொருளாகக் காட்டுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

உங்கள் அண்ணி பட்ட சிரமத்தை மறுப்பதற்கில்லை. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைக் கம்பியைப் பற்களின் தொடுமிடத்தைச் சுற்றி நுழைத்து, முனைகளை முறுக்கி, மிச்சத்தைப் பல்லிடுக்கில் மடித்து வைப்பார்கள். ரப்பரைப் போல அது மெதுவாகத் தள்ளுவதில்லை. ஈறையும் குத்தும். இன்று அது பெரும்பாலும் ஒரு கடைவாய்ப் பல் முன்னால் இருக்கும் பல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டு மேலே வர முடியாமல் நிற்கும்போது பயன்படுத்தப்படுகிறது. உங்கள் மகளுக்கு அது வர வாய்ப்பு மிகக் குறைவு என்று அவளிடம் சொல்லுங்கள்.

இனி, கிளினிக்கில் கேட்க வேண்டியவை. முதலாவது, பேண்டே தேவைதானா என்பது. கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கத்தில் பசையால் ஒட்டும் சிறு குழாயை, அதாவது ட்யூபை, வைத்தால் பேண்டும் வேண்டாம், செப்பரேட்டரும் வேண்டாம். மேல் அண்ணத்தை விரிக்கும் கருவியோ, இரு பக்கக் கடைவாய்ப் பற்களை இணைக்கும் கம்பியோ வைக்கத் திட்டமிருந்தால் பேண்ட் பெரும்பாலும் தவிர்க்க முடியாததாகிவிடும். கெட்டியான உணவைக் கடிக்கும்போது ட்யூப் அடிக்கடி பிய்ந்து விழும் என்பதாலும் சில மருத்துவர்கள் பேண்டையே விரும்புகிறார்கள். இரண்டுமே நியாயமான காரணங்கள்தாம் என்றாலும், எந்தக் காரணத்துக்காக என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, 8 என்ற கணக்கு. முதல் கடைவாய்ப் பற்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒன்று என்பதால் 8 என்று சொல்லியிருப்பார்கள். இரண்டாம் கடைவாய்ப் பல் பொதுவாக 12, 13 வயதில் முளைக்கும். உங்கள் மகளுக்கு அது இன்னும் வரவில்லை என்றால், முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் தொடுவதற்குப் பல்லே இல்லை. அந்த இடத்தில் செப்பரேட்டரும் வேண்டாம். அப்போது எண்ணிக்கை நான்காகக் குறையலாம்.

மூன்றாவது, பேண்ட் மாட்டும் தேதி. செப்பரேட்டரை எடுத்தபின் பேண்ட் மாட்டத் தாமதித்தால் பற்கள் மீண்டும் நெருங்கிவிடும். அதனால் இரண்டு தேதிகளையும் ஒன்றாகக் குறித்து வாங்குங்கள். தேர்வு நாளுக்கு முந்தைய நாள் செப்பரேட்டர் வைக்க வேண்டாம்.

வலிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் பல் நகர்வதற்குத் தேவையான வேதிப்பொருளையே குறைக்கின்றன என்பதால் பல மருத்துவர்கள் பாராசிட்டமாலை விரும்புகிறார்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. இட்லி, குழைந்த சாதம், தயிர் சாதம் என்று இரண்டு நாள் போகட்டும். கடலை மிட்டாய், சூயிங்கம், முறுக்கு இவற்றை அந்த வாரம் முழுவதும் தவிர்க்க வேண்டும். செப்பரேட்டர் இருக்கும் இடத்தில் ஃப்ளாஸ் நூலோ குச்சியோ விடக் கூடாது.

கேள்வி: மகனுக்கு வைத்த ரப்பர் வளையங்களில் ஒன்று மூன்றாம் நாள் சாப்பிடும்போது காணாமல் போய்விட்டது. மறுபடி வைக்கத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா? (வாசகர், மதுரை)

பதில்: ஒரு வளையத்தின் விலை மிகச் சொற்பம், பேண்ட் மாட்டும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அதைக் கருத வேண்டும். தொடக்கத்தில் எழுத்தில் கொடுத்த கட்டண விவரத்தில் இது தனிக் கட்டணம் என்று இல்லையென்றால் விளக்கம் கேளுங்கள். பணம் பெற்றுக்கொண்டு செய்யப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இவ்வளவு சிறிய விஷயத்துக்கு அதுவரை போக வேண்டியிருக்காது.

அதைவிட அவசரமானது, அந்த வளையம் எங்கே போனது என்பது. வெளியே விழுந்திருந்தாலும் விழுங்கியிருந்தாலும் பொதுவாகக் கவலையில்லை. இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் சில வேளைகளில் வளையம் ஈறுக்கு உள்ளே இறங்கி மறைந்துவிடும். அப்படி யாரும் கவனிக்காமல் கிடந்த வளையங்கள் பல்லைத் தாங்கும் எலும்பையே அரித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சாதாரண ரப்பர் எக்ஸ்ரேயில் தெரிவதும் இல்லை. எனவே ‘விழுந்துவிட்டது’ என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டி ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் என்பதால் மறுபடி வைக்கத்தான் வேண்டியிருக்கும். ஐந்தாம் நாளுக்கு மேல் விழுந்திருந்தால், போதுமான இடம் ஏற்பட்டதால் விழுந்திருக்கவும் கூடும்.

கேள்வி: புதிதாகக் கிளினிக் தொடங்கியிருக்கிறேன். செப்பரேட்டர் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (பல் மருத்துவர், ஈரோடு)

பதில்: எக்ஸ்ரேயில் தெரியும் வகையை வாங்குங்கள். ஈறின் நிறத்தோடு கலந்துவிடாத நீலமோ பச்சையோ நல்லது. லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கலக்காதது என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். ஆயிரம் வளையங்கள் கொண்ட பெரிய பாக்கெட் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் மலிவாகத் தெரியும். ஆனால் ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் இழுவைத் தன்மையை இழந்துவிடும் என்பதால், காலாவதி தேதிக்குள் நீங்கள் பயன்படுத்தி முடிக்கக்கூடிய அளவே சிக்கனம். மிக இறுக்கமான தொடுமிடங்களுக்காக ஸ்பிரிங் ஒரு சிறிய பாக்கெட் இருந்தால் போதும். வைத்த ஒவ்வொரு வளையத்தையும் எந்தப் பற்களுக்கு இடையே என்று நோயாளியின் அட்டையில் எழுதி, எடுக்கும் நாளில் அந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேண்டைக் கையில் எடுங்கள்.