ஓட ஏலாட்டி கோச் ஆகலாமா?

கேள்வி: அண்ணே, நான் தோட்டத்து ஃபுட்பால் டீம்ல மிட்ஃபீல்ட் ஆடினவன். முழங்கால் போயிருச்சு, இனி ஓட ஏலாது. கோச் ஆகலாமா? அசிஸ்டன்ட்டா இருந்தா யாராச்சும் மதிப்பாங்களா?
– வாசகர், டிக்கோயா

பதில்: தாராளமா ஆகலாம் தம்பி. மிக்கேல் ஆர்டெட்டாவ பாருங்க, அவரும் மிட்ஃபீல்ட்தான், 2016ல இங்கிலாந்து கிளப் ஆர்சனல்ல ஆட்டத்த முடிச்ச கையோட மான்செஸ்டர் சிட்டி கிளப்புக்கு போய் அங்க கோச்சா இருந்த கார்டியோலாவுக்கு அசிஸ்டன்ட்டா மூணு வருசத்துக்கு மேல நின்னாரு. சும்மா கோன் அடுக்கி வைக்கிற வேலைன்னு நினைக்காதீங்க, பிராக்டிஸ் முடிஞ்ச பிறகும் சிட்டி ஆட்டக்காரன் ஸ்டெர்லிங்க தனியா நிப்பாட்டி, பெனால்டி பெட்டிக்குள்ள போனதும் எப்படி திரும்பி அடிக்கணும்னு திரும்பத் திரும்ப செய்ய வச்சாரு. 2016-17 லீக்ல 7 கோல் போட்ட பொடியன் அடுத்த சீசன்ல 18 போட்டான். அதுல பாதிப் பெருமை அந்த அசிஸ்டன்ட்டுக்குத்தான்னு நான் சொல்லுவேன். 2019 டிசம்பர்ல ஆர்சனலே அவர ஹெட் கோச்சா கூப்பிட்டுச்சு, அடுத்த வருசமே செல்சிய 2-1ன்னு அடிச்சு இங்கிலாந்தோட எஃப்ஏ கப்ப தூக்கினாரு.

பிரான்ஸ் ஆட்டக்காரர் சிடானும் அப்படித்தான், ஸ்பெயின் கிளப் ரியல் மட்ரிட்ல கோச் அன்செலோட்டிக்கு அசிஸ்டன்ட்டா இருந்துட்டுத்தான் அதே கிளப்புக்கு தொடர்ந்து மூணு சாம்பியன்ஸ் லீக் எடுத்துக் குடுத்தாரு.

ஆனா லைசென்ஸ் வேணும் தம்பி. ஆசியாவுல ஏஎஃப்சி (ஆசிய ஃபுட்பால் சம்மேளனம்) டிப்ளோமாதான், சி, பி, ஏ, ப்ரோன்னு படிப்படியா ஏறணும். கோர்ஸ் வார வரைக்கும் உங்க தோட்டத்து சின்னப் பொடியங்கள பின்னேரத்துல சேர்த்து பழக்குங்க, யாருக்கு எந்தக் கால் பலம், யார் எங்க தடுமாறுறான்னு ஒரு கொப்பியில எழுதி வைங்க.